மணியில் யார் பெயர்? கயிற்றில் யார் கை?

கடந்த ஆகஸ்டில் எண்ணூர், திருவொற்றியூர் பக்கத்துக் கல்லூரி மாணவர்கள் சிலரோடு பாரிமுனைக்குப் போயிருந்தேன். ஆகஸ்ட் 22 மெட்ராஸ் தினம். அந்த மாதம் முழுக்கப் பழைய கட்டடங்களைச் சுற்றிக் காட்டும் கூட்டங்கள் நகரத்தில் அதிகம். நாங்களும் அர்மேனியன் தெருவுக்குள் நுழைந்தோம். அந்தோணியார் கோயிலுக்கு வருகிறவர்களுக்கு அந்தத் தெரு நன்றாகத் தெரியும். ஆனால் அதே தெருவில் இருக்கிற அர்மேனியர் கோயிலுக்குள் எங்களில் ஒருவர்கூட அதுவரை காலெடுத்து வைத்ததில்லை.

அங்கே மணிக்கூண்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது எண்ணூரிலிருந்து வந்த ஒரு மாணவி கேட்டாள்: "அண்ணா, மணி யார் கொடுத்தாங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. கயிறு இழுத்தது யாருன்னு ஏன் யாருமே சொல்ல மாட்றாங்க?"

என்னிடம் அப்போது பதில் இல்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கு நான் தேடிய பதில். கோயில் மணியின் வரலாறு பழம்பொருள் ரசிகர்களின் பொழுதுபோக்கு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். தோழர்களே, அது அப்படியல்ல. தலித் கிறித்தவர்களின் உரிமை வழக்கில் வைக்க வேண்டிய ஓர் ஆதாரம் அந்த மணிக்கூண்டில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

ஆறு மணிகளின் கதை

முதலில் அந்த ஆறு மணிகள். அர்மேனிய வணிகர்கள் சென்னையில் முதல் கோயிலை 1712-இல் கட்டினார்கள். இன்று நாம் பார்க்கிற கோயில் 1772-ஐச் சேர்ந்தது. கோயிலை ஒட்டித் தனியாக நிற்கிற மணிக்கூண்டில் ஆறு மணிகள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 150 கிலோ எடை. சென்னையிலேயே பெரிய மணிகள் இவைதாம் என்று சொல்வார்கள்.

மிகப் பழைய மணியில் அர்மேனிய எழுத்தில் 1754 என்று இருக்கிறது. அது 1808-இல் மறுபடி உருக்கி வார்க்கப்பட்டது. அதில் தமிழ் எழுத்தும் இருக்கிறது. இன்னொன்று 1778-ஐச் சேர்ந்தது. 1790 என்று பொறித்த இரண்டு மணிகள், 19 வயதில் இறந்துபோன எலியாசர் ஷாமியர் என்ற இளைஞரின் நினைவாகக் கொடுக்கப்பட்டவை. கடைசி இரண்டும் 1837-இல் லண்டனில் வார்க்கப்பட்டவை. வார்த்தவரான தாமஸ் மியர்ஸின் பெயர் அவற்றில் உண்டு. லண்டனின் 'பிக் பென்' மணியை 1858-இல் வார்த்ததும் அவர் நடத்திய அதே ஒயிட்சேப்பல் பட்டறைதான். 2017-இல் அந்தப் பட்டறையை மூடிவிட்டார்கள்.

ஆக, கொடுத்தவர் பெயர், யாருக்காகக் கொடுத்தார்களோ அவர் பெயர், வார்த்த முதலாளியின் பெயர் எல்லாம் உலோகத்திலேயே இருக்கின்றன. நெருப்பில் போட்டு உருக்கினால் ஒழிய அழியாது.

பெயர் எழுதும் இந்த வழக்கம் கோயிலோடு நிற்பதில்லை. நியூசிலாந்து நாட்டின் வெலிங்டன் நகரில் தே பாப்பா என்ற அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே உடைந்த வெண்கல மணி ஒன்றை வைத்திருக்கிறார்கள். 1830-களில் வில்லியம் கொலென்சோ என்ற மிஷனரி அதை மாவோரி மக்களிடம் கண்டார். அவர்கள் அதைக் கவிழ்த்து வைத்து உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார்களாம். அதிலிருந்த எழுத்து தமிழ். அது முகைதீன் பக்ஸ் என்பவருடைய கப்பலின் மணி என்று அந்த எழுத்து சொல்கிறது. கப்பல் போய்விட்டது, மாலுமிகள் போய்விட்டார்கள், உடையவர் பெயர் மட்டும் நிற்கிறது. அந்தக் கப்பலில் பாய் இழுத்தவர்கள் யார், எந்த ஊர்க்காரர்கள் என்று அந்த மணியிடம் கேட்டால் அதற்குத் தெரியாது.

அலையைத் தாண்டி வந்த பாரம்

அர்மேனியன் தெருவுக்கே திரும்புவோம். 1837-இல் லண்டனில் வார்த்த மணி எப்படிச் சென்னைக்கு வந்திருக்கும்? அப்போது இங்கே துறைமுகம் கிடையாது. துறைமுகம் கட்டும் வேலை 1870-களில்தான் தொடங்கியது. அதுவரை கப்பல்கள் கரையிலிருந்து வெகுதூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆளானாலும் சரக்கானாலும், கவர்னரே ஆனாலும், மசூலாப் படகில் இறங்கித்தான் கரைக்கு வர வேண்டும். ஆணி அடிக்காமல், பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய படகு அது. அலை மோதும்போது வளைந்துகொடுக்கும். இந்த மணிகளையும் அப்படித்தான் யாரோ சிலர் அலைக்கு எதிராகத் துடுப்புப் போட்டுக் கொண்டுவந்து சேர்த்திருக்க வேண்டும். கரையிலிருந்து தோளில் சுமந்தோ வண்டியில் ஏற்றியோ கொண்டுபோயிருப்பார்கள். கூண்டு உயரத்துக்குக் கயிறு கட்டி ஏற்றியிருப்பார்கள். அந்தக் கைகளுக்கு எந்த மணியிலும் பெயர் இல்லை.

படகுக்காரர்கள் தங்களுக்கென்று ஒரு கோயிலைக் கட்டிக்கொண்டார்கள் என்பது வடசென்னைக்காரர்களுக்குத் தெரிந்த செய்திதான். ராயபுரம் புனித பேதுரு ஆலயம், 1829. பேதுருவைத்தான் பழைய தமிழில் ராயப்பர் என்பார்கள். ஊர்ப் பெயரே அவரால் வந்தது என்பது வழக்கு. வெள்ளைக்கார ஆயரின் பணமோ மிஷன் பணமோ அல்ல, உழைக்கிற மக்கள் தங்கள் சம்பாத்தியத்தில் எழுப்பிய கோயில் அது. இதை நாம் மதிக்க வேண்டும். அதே நேரம் ஒன்றை மறக்கக் கூடாது. அவர்களும் குருகுல வம்சம் என்ற சாதிப் பெருமையோடுதான் அந்தக் கோயிலைக் கட்டினார்கள். உழைப்பாளி என்பதாலேயே ஒருவருக்குச் சாதி விட்டுப்போவதில்லை. துறைமுகமும் கம்பெனிகளும் வந்த பிறகு செங்கல்பட்டு, வட ஆற்காடு, தென் ஆற்காடு சேரிகளிலிருந்து பிழைக்க வந்த நம் மக்கள் இந்தப் பகுதிக் கோயில்களில் வந்து நின்றபோது, அங்கே ஏற்கெனவே ஒரு முன்வரிசை இருந்தது.

மணி என்ன செய்கிறது?

கிறித்தவரல்லாத தோழர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். மணி உலோகம் என்பது செம்பும் வெள்ளீயமும் கலந்தது. ஏறக்குறைய மூன்றரைப் பங்குக்கு ஒன்று: செம்பு 78, வெள்ளீயம் 22 என்ற கணக்கில் கலப்பார்கள். செம்பு மட்டும் இருந்தால் நாதம் வராது. வெள்ளீயம் கூடிவிட்டால் கண்ணாடி மாதிரி விரிசல் விட்டுவிடும்.

கத்தோலிக்க மரபில் புது மணியை அப்படியே தூக்கி மாட்டிவிட மாட்டார்கள். ஆயர் வந்து தீர்த்தம் தெளிப்பார், தைலம் பூசுவார், மணிக்கு ஒரு புனிதரின் பெயர் வைப்பார். மக்கள் இதை மணிக்கு ஞானஸ்நானம் என்றே சொல்வார்கள். ஐரோப்பாவில் மணிக்கு ஞானத்தாய், ஞானத்தந்தை நிற்கும் வழக்கம்கூட உண்டு. உலோகத்துக்கே ஞானஸ்நானம், பெயர், சொந்தம் எல்லாம் கொடுக்கத் தெரிந்த திருச்சபை இது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு அந்த மணி என்ன செய்யும்? காலை, நண்பகல், மாலை என்று மூன்று வேளை ஜெபத்துக்கு அடிக்கும். பூசைக்கு அடிக்கும். திருமணத்துக்கு அடிக்கும். யாராவது இறந்தால் துக்க மணி அடிக்கும். ஓர் அடி, நீண்ட இடைவெளி, மறுபடி ஓர் அடி. வயலில் நிற்கிறவர் கையிலிருக்கிற வேலையை நிறுத்திவிட்டு "யாருப்பா?" என்று கேட்பார். பெரிய வியாழனன்று வானவர் கீதம் முடிந்ததும் மணி மௌனமாகிவிடும். உயிர்ப்புத் திருவிழிப்பு வரை மரக்கட்டைச் சத்தம்தான். அதாவது ஊரின் காலத்தைப் பங்கிட்டுக் கொடுப்பது மணி. யாருடைய சாவு ஊரின் சாவு என்று அறிவிப்பதும் மணிதான்.

தமிழில் கிறித்தவர்கள் ஒரு கோயிலைச் சேர்ந்த மக்களைப் 'பங்கு' என்று சொல்கிறார்கள். பங்குத்தந்தை, பங்கு மக்கள், பங்குப் பேரவை. நல்ல சொல். ஆனால் பங்கு என்றால் உரிய பாகம் என்றும் பொருள். மணியில் எனக்கு என்ன பங்கு என்று ஒரு தலித் கிறித்தவர் கேட்டால், அந்தச் சொல்லின் இரண்டு பொருளும் அங்கே மோதிக்கொள்கின்றன.

என் தாத்தாவுக்கு அடித்த மணி

என் சொந்த ஊர்க் கோயிலில் இரண்டு மணிகள். பெரிய மணி ஊர்த்தெருக் குடும்பம் ஒன்று கொடுத்தது. அவர்கள் பெயர் அதில் பொறித்திருக்கும். சின்ன மணி எப்போதிலிருந்து இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஊர்த்தெருவில் சாவு விழுந்தால் பெரிய மணி அடிக்கும். எங்கள் தெருவில் விழுந்தால் சின்ன மணி. எந்தப் பலகையிலும் அப்படி எழுதி வைத்ததில்லை. மணிச் சத்தத்தை வைத்தே பிணம் எந்தத் தெருப் பிணம் என்று சுற்றுவட்டாரத்துக்கே தெரியும்.

திருவிழாவின் பத்து நாளும் பெரிய மணிக்கயிற்றை இழுக்க எங்கள் தெருவிலிருந்துதான் ஆள் கூப்பிடுவார்கள். கூண்டில் அடைந்த புறா எச்சத்தைச் சுரண்டிக் கழுவுவதும் நாங்கள்தான். தாத்தா பல வருடம் அந்த வேலைக்குப் போயிருக்கிறார். "பெரிய மணி இழுக்கும்போது கயிறு நம்மளையே தூக்கிடும்டா" என்று பெருமையாகச் சொல்வார்.

அவர் இறந்த அன்று அப்பா திருவொற்றியூரில் ஷிப்ட் முடிந்து கிடைத்த பஸ்ஸைப் பிடித்து ஊருக்கு வந்தார். நேராக உபதேசியாரிடம் போய், "எங்க அப்பா எத்தனையோ திருவிழாவுக்கு அந்தக் கயிறு இழுத்திருக்காரு. அவருக்கு ஒரு தடவ பெரிய மணி அடிங்க உபதேசியாரே" என்று கேட்டார். "பெரிய மணிக் கயிறு நைஞ்சி கெடக்குதுப்பா, அறுந்துடும்" என்று பதில் வந்தது. சின்ன மணி அடித்தார்கள். தாத்தாவைப் புதைத்துவிட்டு வந்தோம். மறுநாள் விடியற்காலை பூசைக்குப் பெரிய மணி அடித்தது.

அப்பா அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. திருவொற்றியூர் திரும்பிய பிறகு ஒரு நாள் கம்பெனி சங்கு ஊதியபோது அம்மாவிடம் சொன்னார்: "இந்தச் சங்கு பரவால்ல. எல்லாரையும் ஒரே மாதிரிதான் கூப்புடுது."

அர்மேனியன் தெருவில் 1790 என்று பொறித்த அந்த இரண்டு மணிகளைப் பற்றிக் கேட்டபோது எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது. 19 வயதுப் பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டின் துக்கத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. எந்த மகனின் சாவும் சாவுதான். ஆனால் ஒரு வணிகர் வீட்டுப் பிள்ளையின் பெயரை இரண்டு நூற்றாண்டுக்கு மேல் ஒரு மணி காப்பாற்றி வைத்திருக்கிறது. வருடா வருடம் கயிறு இழுத்த ஒரு மனிதருக்கு அந்தக் கயிற்றை ஒரே ஒரு தடவை இழுக்கக் கை வரவில்லை. சென்னையில் இன்று அர்மேனியக் குடும்பங்கள் அநேகமாக இல்லை. அந்தக் கோயிலில் மணிகள் உண்டு, சபை இல்லை. எங்கள் தெருவில் சபை இருந்தது, மணி இல்லை.

"அதெல்லாம் பழைய கதை"

இப்படிப் பேசினால் உடனே வரும் பதில் இது. எத்தனை பழையது என்று பார்ப்போம்.

1833-இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன், ஆங்கிலிக்கன் சபைகளில் சாதி வேறுபாட்டை அடியோடு விட்டுவிட வேண்டும் என்று உத்தரவிட்டார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் சாதிக் கிறித்தவர்கள் கோயிலை விட்டே வெளியேறினார்கள். கிறிஸ்துவை விடவும் தயாராக இருந்தார்கள், வரிசையை விடத் தயாராக இல்லை. வேப்பேரி நம் ராயபுரத்திலிருந்து எவ்வளவு தூரம்?

திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளத்தில் வேளாளர்களுக்கும் நாடார்களுக்கும் தனித்தனிக் கூடம் வைத்தே ஒரு கோயிலைக் கட்டினார்கள். இரண்டு கூடமும் பலிபீடத்தில் போய்ச் சேரும். 1910-இல் காசனல் சுவாமியார் காலத்தில் அந்தச் சாதித் தடுப்பை இடித்தார்கள். வேளாளர் தரப்பு நீதிமன்றம் போனது. சாதிக்காகக் கோயிலில் தனி இடம் கேட்பதை ஓர் உரிமையாகச் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை.

2008 மார்ச்சில் எறையூர். பொதுப் பாதையில் தங்கள் சவ ஊர்வலம் போக முடியாத தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று கேட்டார்கள். அதற்காக அவர்கள் வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் வன்னியர் தரப்பில் இருவர் இறந்தார்கள். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களுக்கு நடுவிலும் ஒரு சாதிச் சுவர். கும்பகோணம் மறைமாவட்டத்தைச் சேர்ந்த கோட்டப்பாளையம் பங்கின் தலித் மக்கள் தங்களுக்கு எதிரான பாகுபாட்டை உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோனார்கள். அதில் 2025 பிப்ரவரியில் நோட்டீஸ் போனது.

திருச்சபையே இதை மறுக்கவில்லை. 2003 நவம்பரில் தம்மைச் சந்தித்த தமிழக ஆயர்களிடம், தலித் மக்களைப் பிரித்து வைக்கக் கூடாது என்று போப் இரண்டாம் ஜான் பால் சொன்னார். 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மக்களுக்கான கொள்கை அறிக்கையை வெளியிட்டது. சாதிப் பாகுபாடு திருச்சபைக்குள் இருக்கிறது, அது பாவம் என்று அதில் ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்ட பாவத்துக்குப் பரிகாரம் செய்ய வேண்டும் என்று எனக்கு மறைக்கல்வி வகுப்பில் சொல்லிக் கொடுத்தவர்களும் அவர்கள்தான்.

"சரி, கிராமத்தில் இருக்கலாம். சென்னையில் இல்லை" என்பது அடுத்த பதில். ஓரளவு உண்மை. காசிமேடு, கீழ்ப்பாக்கம் கல்லறைகளை ஒரே வாரியம் நிர்வகிக்கிறது. அங்கே மேலப்புதூர் மாதிரிச் சுவர் இல்லை. வடசென்னையில் எந்தப் பிணத்துக்கு எந்த மணி என்று யாரும் கேட்பதில்லை. நகரம் தந்த இந்த விடுதலையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். என் அப்பா ஊரை விட்டு வந்ததே அதற்காகத்தான். ஆனால் பங்குப் பேரவையில் யார் துணைத்தலைவர், திருவிழாக் கொடியைத் தொட்டு ஏற்றுவது யார், தேர் எந்தத் தெருவில் திரும்பிவிடுகிறது, பெண் கேட்டு வரும்போது முதல் கேள்வி என்ன என்று உங்கள் பங்கில் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். சத்தத்தில் கேட்காத சாதி இவற்றில் தெரியும்.

மூன்றாவதாக ஒரு பதில் வரும். அது நம் பக்கத்திலிருந்தே வரும், அதனால் வலிக்கும். "இதையெல்லாம் வெளியே பேசினால் சங்கிகளுக்குத் தீனி போடுவது மாதிரி ஆகிவிடும். தேவாலயங்கள் தாக்கப்படுகிற காலத்தில் இப்போது இது தேவையா?" என்று. தோழர்களே, தேவாலயம் தாக்கப்பட்டால் முன்னால் நிற்பது நாம்தான். அந்தத் தெருக்களில் இருப்பது நம் மக்கள். ஆனால் கூரையைக் காப்பாற்ற நம்மைக் கூப்பிடுகிறவர்கள், அதன் கீழே நமக்கு எங்கே இடம் என்ற கேள்வியை ஒத்திப்போடச் சொல்வது நியாயமில்லை. நாம் மௌனமாக இருந்தால் நம் காயத்தைப் பற்றிப் பேசுகிற உரிமையை நம் எதிரியிடம் கொடுத்துவிடுகிறோம். அயோத்திதாசர் தம் 'தமிழன்' இதழில் சாதிக் கிறித்தவர்களை வெளிப்படையாகச் சாடினார். அம்பேத்கர், மதம் மாறிய தீண்டப்படாதோரின் நிலையைப் பற்றித் தனியாகவே எழுதினார். அவர்கள் யாருக்கும் தீனி போடவில்லை.

சட்டம் கேட்ட ஆதாரம்

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். மாணவர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும்.

1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின் 3-ஆம் பத்தி, இந்து அல்லாதவர் பட்டியல் சாதியினர் ஆக முடியாது என்றது. 1956-இல் சீக்கியரைச் சேர்த்தார்கள். 1990-இல் பௌத்தரைச் சேர்த்தார்கள். கிறித்தவரும் முஸ்லிமும் இன்னும் வெளியே. தமிழ்நாட்டில் தலித் கிறித்தவர்களுக்குப் பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ்தான். இதன் விளைவு இட ஒதுக்கீட்டோடு நிற்பதில்லை. பட்டியல் சாதி என்று சட்டம் ஏற்காதவருக்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் இல்லை. கோயிலுக்குள்ளே நீ பறையன், கோர்ட்டுக்குள்ளே நீ கிறித்தவன்!

இந்த ஆணையை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனவர் சூசை. சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்தவர். ஆதி திராவிடக் கிறித்தவர். செருப்புத் தைப்பவர்களுக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தபோது அவருக்கு மட்டும் இல்லை என்றார்கள். காரணம் மதம். பக்கத்தில் உட்கார்ந்து அதே ஊசியால் அதே தோலைத் தைத்தவருக்குக் கிடைத்தது. 1985-இல் தீர்ப்பு வந்தது. சூசை தோற்றார். தீர்ப்பின் காரணத்தைக் கவனியுங்கள். மதம் மாறிய பிறகும் சாதி தொடர்கிறது என்று காட்டினால் போதாது, இந்து சமூகத்தில் இருந்த அதே கொடுமையான ஒடுக்குமுறை கிறித்தவ சமூகத்திலும் தொடர்கிறது என்று காட்ட வேண்டும், அப்படிக் காட்டும் விரிவான, நம்பத்தகுந்த ஆய்வு எதுவும் எங்கள் முன் வைக்கப்படவில்லை என்றது நீதிமன்றம்.

ஆதாரம் இல்லை! எங்கள் தெருவுக்கே கேட்ட ஆதாரம் நீதிமன்றத்துக்குக் கேட்கவில்லை. ஏனென்றால் யாரும் அதை எழுதி வைக்கவில்லை.

அதற்குப் பிறகு ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-இல் 3-ஆம் பத்தியை நீக்கலாம் என்று பரிந்துரைத்தது. பரிந்துரை கிடப்பில் போனது. 2022 அக்டோபரில் ஒன்றிய அரசு நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையத்தை இரண்டாண்டு அவகாசத்தில் அமைத்தது. பிறகு கால நீட்டிப்பு. 2023 ஏப்ரல் 19 அன்று தமிழ்நாடு சட்டமன்றம், தலித் கிறித்தவர்களுக்குப் பட்டியல் சாதி உரிமை கேட்டுத் தீர்மானம் நிறைவேற்றியது. வழக்கும் ஆணையமும் தீர்மானமும் சுற்றிச் சுற்றிக் கேட்பது ஒரே கேள்விதான்: மதம் மாறிய பிறகும் தீண்டாமை இருக்கிறதா? எங்கே, எப்படி, காட்டு.

மணி அதைக் காட்டும் என்று நான் நினைக்கிறேன். மனசுக்குள் இருக்கிற வெறுப்பை நீதிமன்றத்தில் காட்டுவது கஷ்டம். ஆனால் ஒரு கோயிலில் எத்தனை மணி இருக்கிறது, எந்தச் சாவுக்கு எது அடித்தது, யார் இழுத்தார்கள், அதற்குக் கூலி உண்டா என்பதெல்லாம் விசாரித்து எழுதக்கூடிய செய்திகள். கேட்டவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். அரசமைப்பின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை எந்த வடிவத்திலும் ஒழிக்கிறது என்கிறது. அங்கே மதம் குறிப்பிடப்படவில்லை. இரண்டு மணி வைத்துச் சாவைப் பிரிப்பது ஒரு வடிவம் இல்லையா?

நீங்கள் செய்ய வேண்டிய வேலை

வடசென்னையில் குடியேறிய தலித் கிறித்தவக் குடும்பங்களுக்கு ஆளுக்கொரு சொந்த ஊர் இருக்கிறது. பண்டிகைக்குப் போவீர்கள், சாவுக்குப் போவீர்கள். அடுத்த தடவை போகும்போது ஒரு நோட்டு எடுத்துக்கொண்டு போங்கள். நீங்கள் இப்போது போகிற பங்கிலும் இதையே கேளுங்கள்.

1. கோயிலில் எத்தனை மணி? ஒவ்வொன்றிலும் என்ன எழுதியிருக்கிறது? ஆண்டு, மொழி, கொடுத்தவர், வார்த்த இடம் எல்லாவற்றையும் எழுத்து விடாமல் குறித்துக்கொள்ளுங்கள். அனுமதி கேட்டு ஏறுங்கள். பழைய மரப்படிகள் ஆபத்தானவை.

2. பணம் எங்கிருந்து வந்தது? ஒருவர் பெயர் பொறித்திருந்தாலும் ஊர் முழுக்க வரி வசூலித்திருக்கக்கூடும். நம் தெருவும் வரி கொடுத்ததா? கொடுத்திருந்தால் பெயர் ஏன் இல்லை? வாங்கவே மறுத்திருந்தால் அதையும் எழுதுங்கள்.

3. கயிறு இழுத்தது யார்? சம்பளமா, நெல்லா, சும்மாவா? கூண்டைக் கழுவியது யார்? இழுத்தவர் கோயிலுக்குள் எந்தப் பக்கம் உட்கார்ந்தார்?

4. துக்க மணி எந்தத் தெருவுக்கு எப்படி அடித்தது? ஒரே மணியா, வேறு வேறா? எத்தனை அடி? அடிக்கவே மறுத்தது உண்டா? இதை இரண்டு தெருப் பெரியவர்களிடமும் தனித்தனியாகக் கேளுங்கள்.

5. மாறியிருந்தால் எப்போது மாறியது? யார் கேட்டு மாறியது? எந்தச் சாமியார் துணை நின்றார்? நல்லது செய்தவர்களின் பெயரையும் விட்டுவிடாதீர்கள். வடக்கன்குளத்தில் சுவரை இடித்தவரும் ஒரு சாமியார்தான்.

அடக்கப் பதிவேடு, ஞானஸ்நானப் பதிவேடு பார்க்க முடிந்தால் பாருங்கள். பழைய பதிவேடுகளில் சாதியை எழுதியிருப்பதும் உண்டு. பெரியவர்களின் சாட்சியத்தைச் சம்மதம் கேட்டுப் பதிவு செய்யுங்கள். ஊரில் இன்னும் வாழ வேண்டியவர்கள் அவர்கள். அவர்கள் அனுமதிக்காமல் பெயரை வெளியிடக் கூடாது. மிகைப்படுத்தாதீர்கள். பாகுபாடு இல்லாத ஊர் கிடைத்தால் இல்லை என்றே எழுதுங்கள். பொய் கலந்த ஆதாரம் ஒன்று போதும், மற்ற நூறையும் கெடுத்துவிடும்.

இதற்குப் பெரிய நிதி வேண்டாம். ஒரு போன், ஒரு நோட்டு, தாத்தா பாட்டியிடம் உட்கார்ந்து பேசப் பொறுமை, அவ்வளவுதான். ஐம்பது மாணவர்கள் ஐம்பது ஊர்களின் மணியை எழுதி வந்தால், 1985-இல் சூசையின் கையில் இல்லாத ஒன்று அடுத்து நீதிமன்றம் போகிறவரின் கையில் இருக்கும். ஆணையம் உட்கார்ந்தாலும் கலைந்தாலும் அது நம்மிடம் இருக்கும்.

எங்கள் ஊரிலிருந்து நான் தொடங்கிவிட்டேன். பெரிய மணியில் இருக்கிற பெயரைக் குறித்துக்கொண்டேன். அதற்குக் கீழே, என் நோட்டில், கயிறு இழுத்தவர்கள் என்று தலைப்புப் போட்டு எங்கள் தெருவில் விசாரித்தேன். இதுவரை பதினொரு பெயர்கள் கிடைத்திருக்கின்றன. முதலில் எழுதியது என் தாத்தாவின் பெயர்.

எண்ணூர்த் தங்கையே, உன் கேள்விக்கு இதுதான் பதில். கயிறு இழுத்தது யாரென்று யாரும் சொல்ல மாட்டார்கள். நாம்தான் எழுத வேண்டும்.

ஜெய் பீம்.